திருப்பூர் வளந்துருச்சு, நாடு ஏன் இன்னும் "வளரும் நாடு"? அவிநாசித் தம்பி கேட்ட கேள்விக்கு விளக்கம்

வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல இதை மொதல்ல எடுத்துக்கறேன். அவிநாசிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது துணி வாங்கற வெளிநாட்டுப் பையர்ககிட்ட ஆர்டர் பேசி முடிக்கற வேலைல இருக்காராமுங்க. அப்படியே படிச்சர்றேன்:

"ஐயா, திருப்பூர், கோயமுத்தூரைச் சுத்திப் பாத்தா பங்களாவும் காரும் கம்பெனியுமா வளந்த ஊராட்டந்தான் தெரியுது. அப்புறம் ஏன் இந்தியாவ வளரும் நாடுன்னே சொல்றாங்க? வளந்த நாடுன்னு யாரு சொல்லோணும், எதை வெச்சுச் சொல்லுவாங்க? 2047-க்குள்ள நாம ஆயிருவமா?"

நல்ல கேள்விங்க. மூணு கேள்வி இருக்குது இதுல.

யாரு சொல்லோணும்னா, அப்படி ஒருத்தரும் கெடையாதுங்க. பத்தாம் வகுப்புக்குச் சர்டிபிகேட் குடுக்கற மாதிரி, "நீ இன்னைல இருந்து வளந்த நாடு"ன்னு முத்திரை குத்தறதுக்குன்னு உலகத்துல ஒரு ஆபீசு இல்ல. ஒவ்வொரு அமைப்பும் அதது வேலைக்கு ஒரு கோடு போட்டு வெச்சிருக்குது. உலக வங்கி கடன் குடுக்கறதுக்குப் பாக்குது, ஐ.நா. வேற ஒண்ணுக்குப் பாக்குது, வியாபாரத்துக்கு வேற. கோடெல்லாம் ஒரே எடத்துல உழுகாது.

உலக வங்கி கோடு பணத்த வெச்சுப் போடறது. நாட்டோட மொத்த வருமானத்த தலைக்கு வகுத்து டாலர்ல பாக்கறாங்க. வருசா வருசம் ஜூலை 1-ஆம் தேதி கோட்டைப் புதுசு பண்ணுவாங்க. 2025 ஜூலைல போட்ட கணக்குப்படி தலைக்கு 1,135 டாலர் வரைக்கும் இருந்தா குறைந்த வருமான நாடு. 4,495 வரைக்கும் கீழ்நடுத்தரம். 13,935 வரைக்கும் மேல்நடுத்தரம். அதுக்கு மேல போனா உயர்வருமான நாடு. நாம ஏறத்தாழ 2,650 டாலர்ல நிக்கறோம், அதாவது கீழ்நடுத்தரம். இதுல ஒண்ணு கவனிச்சுக்கோங்க. "வளந்த", "வளரும்"ங்கற வார்த்தையே உலக வங்கி தன்ற புள்ளிவிவரப் புத்தகத்துல 2016-லயே எடுத்துருச்சு. ஒரு பக்கம் மலேசியா, இன்னொரு பக்கம் மலாவி, ரெண்டையும் ஒரே பட்டில அடைச்சு "வளரும் நாடு"ன்னு சொன்னா அதுல என்ன தெரியப் போகுதுங்க?

பணம் மட்டும் பத்தாதுன்னு 1990-ல பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் ஒரு கணக்கக் கொண்டாந்தாரு. நம்ம அமர்த்தியா சென்னும் கூட நின்னாரு. மனித வளர்ச்சிக் குறியீடு. சராசரி ஆயுசு எவ்வளவு, படிப்பு எத்தனை வருசம், வருமானம் எவ்வளவு, இந்த மூணையும் சேத்து பூச்சியத்துல இருந்து ஒண்ணுக்குள்ள ஒரு மார்க்கு. 0.8 தாண்டினா மிக உயர்ந்த வளர்ச்சி. 2025-ல வந்த அறிக்கைல இந்தியா 0.685, 193 நாட்டுல 130-ஆவது எடம். பக்கத்துல இலங்கை 0.776. உலக வங்கி பட்டியல்ல அவங்களும் நம்மளாட்ட கீழ்நடுத்தரந்தான். நாடே திவாலாகி பெட்ரோலுக்கு வரிசைல நின்ன சனம். இருந்தாலும் மார்க்கு நம்மள விட எச்சு. ஏன்னா பல தலைமுறையா அங்க பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் காசில்லாம ஊருக்கு ஊர் போயிருக்குது. காசு ஒரு வருசத்துல போயிரும்ங்க, படிச்சது போகாது.

அதுக்கு எதிர்ப்பக்கம் பாக்கோணும்னா ஆப்பிரிக்காவுல ஈக்குவடோரியல் கினின்னு ஒரு சின்ன நாடு. 1990-கள்ல கடல்ல எண்ணெய் கெடச்சுது. வருமானம் ஏறி உலக வங்கிப் பட்டியல்ல உயர்வருமான நாடாவே கொஞ்ச வருசம் இருந்துச்சு. ஆனா சனங்க குடிக்கற தண்ணி, கொழந்தைக உசுரு, இதெல்லாம் ஏழை நாட்டுக் கணக்குலயே இருந்துச்சு. எண்ணெய்க் காசு மேல இருந்தவங்க கைலயே நின்னு போச்சு.

மூணாவது கோடு தம்பிக்கு நேராச் சம்பந்தப்பட்டது. உலக வர்த்தக அமைப்புல "நான் வளரும் நாடு"ன்னு அந்தந்த நாடே சொல்லிக்கலாம். சலுகை கெடைக்குமே! தென்கொரியா 2019 வரைக்கும் அப்படிச் சொல்லிட்டுதான் இருந்துச்சு. அதுக்கப்பறம் "இனி புதுப் பேச்சுவார்த்தைகள்ல அந்தச் சலுகை கேக்க மாட்டோம்"னு அவங்களே விட்டுட்டாங்க.

இதுக்கும் கீழ, மிகவும் பின்தங்கிய நாடுகள்னு ஐ.நா. 1971-ல இருந்து ஒரு பட்டியல் வெச்சிருக்குது. வங்கதேசம் அதுல இருக்குது. தம்பி, பையர் உங்ககிட்ட "டாக்காவுல இதே டீ-சர்ட்டு இன்னும் கம்மி ரேட்டுக்குத் தர்றாங்களே"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாரு? கூலி மட்டும் காரணமில்லீங்க. ஐரோப்பாவுக்குள்ள போற வங்கதேசத்துத் துணிக்கு அந்தப் பட்டியல்ல இருக்கறதால இறக்குமதித் தீர்வையே இல்ல, பூச்சியம். நம்ம துணி பல வருசமா 9-ல இருந்து 12 சதவீதம் வரைக்கும் கட்டிட்டுப் போச்சு. ஒரு பீசுக்கு மூணு ரூவா நாலு ரூவாய்க்கு ஆர்டர் கை மாறற தொழில்ல, இது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கு நாஞ் சொல்ல வேண்டியதில்ல. இத்தனைக்கும் தலைக்கு வருமானம்னு பாத்தா இன்னைக்கு அவங்களும் நாமளும் ஏறத்தாழ ஒண்ணுதான். அந்தப் பட்டியல்ல இருந்து வங்கதேசம் 2026 நவம்பர்ல வெளிய வரோணும்னு ஐ.நா. பொதுச்சபை 2021-ல முடிவு பண்ணுச்சு. வெளிய வந்தாலும் ஐரோப்பா இன்னொரு மூணு வருசம் அந்தச் சலுகைய நீட்டிக் குடுக்கும். அதனால "வளரும் நாடு"ன்னா யாரும் நம்மளத் திட்டறதா நெனச்சு வெசனப்பட வேண்டாம். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு வெலை இருக்குது.

சரி, இனி என்ற மனசுல இருக்கறதச் சொல்றேனுங்க. தம்பி பங்களாவையும் காரையும் பாத்துக் கேட்டாரு. நான் அந்தப் பங்களாவுக்குள்ள போய்ப் பாக்கலாம்ங்கறேன். வாசல்ல ஆயிரம் அடி போர். மேல ரெண்டு டேங்க்கு, ஒண்ணு சப்பத்தண்ணிக்கு, ஒண்ணு நல்லதண்ணிக்கு. குடிக்கறதுக்கு கேன் தண்ணி தனி. கரண்டு போனா இன்வெர்ட்டர், கம்பெனில ஜெனரேட்டரு. கொழந்தைகளுக்கு வேன்ல போற தனியார் ஸ்கூலு. ஒடம்புக்கு ஆச்சுன்னா அவிநாசி ரோட்டுல பெரிய ஆஸ்பத்திரி. அத்தனையும் அவங்க சம்பாரிச்சு, அவங்களே வாங்குனது. கொங்கு நாட்டுக்காரன் உழைப்புக்கு நாந் தலை வணங்கறேனுங்க, அதுல ஒரு சொல்லு கொறச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நாம வளந்தது ஊடு ஊடா. ஊரு வளரோணுமே? அதே பங்களாவுக்குப் பின்னாடி லைன் ஊட்டுல இருக்கற செக்கிங் அம்மணிக்கு இதுல எது கெடைக்குது? வாரத்துல எத்தனை நாள் கொழாய்ல தண்ணி வருதோ அதுதான்.

வளந்த நாடுங்கற எடத்துல, ஒரு பஸ் டிரைவரோட மகளும் கம்பெனி மொதலாளி மகளும் ஒரே கொழாய்த் தண்ணியக் குடிச்சு வளர முடியும். யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டாம், யார் கால்லயும் உழுக வேண்டாம், கைல காசு இருக்கோணும்னு இல்ல. என்னோட கோடு அதுதானுங்க.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெருசாப் படுதுன்னா, எங்கப்பா பண்ணையம் பாத்தவரு. 1994-ல அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போய்ச் சேத்துனோம், பொழச்சு வந்தாரு. ஆனா அவரு ஊட்டுக்கு வந்தப்ப ரெண்டு ஏக்கரா தோட்டம் கை மாறியிருந்துச்சு. அடுத்த வருசம் என்ற தங்கச்சி காலேசுக்குப் போகல. அவ என்னை விட நல்லாப் படிச்சவ. ஒரு நாள் நெஞ்சு வலி, ரெண்டு தலைமுறைக்கு வேற கதை ஆயிப்போச்சுங்க. இன்னைக்குத் தமிழ்நாட்டுல மருத்துவக் காப்பீடு இருக்குது, அப்ப இல்ல. இருந்தும் நாடு முழுசுக்கும் எடுத்தா மருத்துவச் செலவு நூறு ரூவால 39 ரூவா சனங்க கைக்காசுதான், 2021-22 அரசாங்கக் கணக்கே அப்படித்தான் சொல்லுது. தாய்லாந்து பணக்கார நாடா ஆகறதுக்கு முன்னாடியே, 2002-ல சட்டம் போட்டு எல்லாருக்கும் வைத்தியம்னு கொண்டாந்துட்டாங்க. ஒரு தடவை போனா 30 பாட், அவ்வளவுதான். அதனால "மொதல்ல பணம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"ங்கற பேச்ச நான் ஒத்துக்கறதில்ல.

பணத்துக் கணக்குல இன்னொரு ஓட்டையும் இருக்குது. திருப்பூர் வழியாப் போற நொய்யல் ஆத்தையே எடுத்துக்கோங்க. சாயம் போட்டு சம்பாரிச்சது நாட்டு வருமானத்துல ஏறுச்சு. சாயத்தண்ணி போய்ச் சேந்த ஒரத்துப்பாளையம் அணை, ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் காட்டுக்குப் பாயோணும்னு கட்டுனது. பாய முடியாத தண்ணியாப் போச்சு. வெவசாயி கெட்டது எந்தப் பக்கமும் கழியல. கெணறு கெட்டவன் லாரித் தண்ணி வாங்குனா அந்தக் காசும் வருமானத்துல கூடத்தான் ஆச்சு! கடைசீல 2011 ஜனவரில சாயப்பட்டறைகள மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்பறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடாம சுத்திகரிக்கறதுக்கு ஊரே கத்துக்கிச்சு. அந்தக் கத்துக்கிட்டதத்தான் நான் வளர்ச்சின்னு சொல்லுவேன்.

சரி, நாடு எப்படி மேல ஏறுதுன்னு ஒரு வார்த்தை. 2023-24 கணக்குப்படி நாட்டுல வேலை செய்யற நூறு பேர்ல 46 பேர் வெவசாயத்துல இருந்தாங்க. பணக்கார நாடுகள்ல நூத்துக்கு மூணு பேர்தான். அந்த 46 பேரும் சோம்பேறிகளா? இல்லவே இல்லீங்க. ஒரு ஏக்கராவுல நாலு பேர் பங்கு போடறதால தலைக்கு வர்றது கொஞ்சம். இவங்க எச்சு சம்பளத்து வேலைக்கு நகரோணும், இல்லைன்னா அதே வேலைல எச்சு மதிப்பு வரோணும். நாம பனியன் ஓட்டற நிட்டிங் மிசின் எங்கிருந்து வருது? ஜெர்மனி, தைவான். பனியன் ஓட்டறவனுக்கு பீசுக்கு ரூவா கணக்கு. மிசின் செய்யறவனுக்கு மிசினுக்கு லட்சக் கணக்கு. கோயமுத்தூர் இந்த வித்தியாசத்த நெம்ப நாள் முந்தியே புரிஞ்சுக்கிச்சு. மில்லு வெச்ச ஊரு, 1962-ல மில்லுக்கு வேண்டிய ஸ்பின்னிங் மிசினையே செய்ய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ ஆரம்பிச்சுச்சு.

தென்கொரியா போனதும் இதே வழிதாங்க. 1960-ல அங்க தலைக்கு வருமானம் 160 டாலர் கூட இல்ல. துணி தெச்சாங்க, தலைக்கு வெக்கற சவுரி செஞ்சு ஏத்துமதி பண்ணாங்க. அதுக்கும் முன்னாடியே நிலச் சீர்திருத்தம், எல்லாக் கொழந்தைக்கும் பள்ளிக்கூடம். அப்புறம் இரும்பு, கப்பல், காரு, சிப்பு. 1996-ல பணக்கார நாடுகளோட ஓஇசிடி அமைப்புல சேந்தாங்க. 2021 ஜூலைல ஐ.நா.வோட வர்த்தக மாநாட்டு அமைப்பு அவங்கள வளரும் நாடுகள் பக்கமிருந்து வளந்த நாடுகள் பக்கத்துக்கு மாத்துச்சு. அந்த அமைப்பு 1964-ல ஆரம்பிச்சதுக்கப்பறம் அப்படி மாறுன மொத நாடு அதுதான்.

கம்பெனிகளோட கதையா மட்டும் இதைச் சொன்னா பாதிதாங்க. 1970 நவம்பர் 13-ஆம் தேதி, சியோல்ல தையல் வேலை பாத்த சுன் தே-இல்ங்கற 22 வயசுப் பையன், இருக்கற தொழிலாளர் சட்டத்தையாவது நடத்துங்கன்னு கேட்டுத் தீக்குளிச்சுச் செத்தான். "நாங்க மிசின் இல்ல"ன்னு கத்திட்டே செத்தான். காத்தோட்டமில்லாத ரூம்ல பதினாலு மணி நேரம் தெச்ச பொண்ணுகளுக்காக. அவன் அம்மா அதுக்கப்பறம் ஆயுசு முழுக்கத் தொழிலாளிக கூடவே நின்னாங்க. நம்ம திருப்பூர்ல 1984-ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்டிரைக் நடந்துச்சு, நெனப்பிருக்கறவங்க இருப்பீங்க. கூலி ஏறாம எந்த நாடும் வளந்ததில்லீங்க. அந்தக் கூலியக் கேட்டு வாங்குனவங்களுக்கும் வளர்ச்சில பங்கு உண்டு.

சுதந்திரம் வாங்கி நூறு வருசம் ஆகற 2047-க்கு வந்தர்றேன். உலக வங்கி 2025 பிப்ரவரில ஒரு கணக்குச் சொல்லுச்சு. அந்த வருசத்துக்குள்ள இந்தியா உயர்வருமானக் கோட்டத் தாண்டோணும்னா 22 வருசம் சராசரியா 7.8 சதவீதம் வளரோணும். சராசரின்னா ஒரு வருசம் சறுக்குனா அடுத்த வருசம் எச்சா ஏறோணும். முடியாததுன்னு சொல்ல மாட்டேன். ரொம்பக் கஷ்டம். வேலைக்கு வர்ற பொண்ணுக எண்ணிக்கை எச்சாகாம அந்தக் கணக்கு நிக்காது. அதுல தமிழ்நாடு முன்னாடி நிக்குது, இந்தியாவுல பேக்டரி வேலைக்குப் போற பொம்பளைகள்ல பத்துக்கு நாலு பேர் நம்ம மாநிலத்துல.

தம்பி, உங்க கம்பெனில தைக்கற அம்மணிக இருக்காங்க இல்லீங்களா? ஒருக்கா அவங்ககிட்டப் பழமை பேசிப் பாருங்க. ஊட்டுல யாருக்காவது ஒடம்புக்கு முடியாமப் போனா மொதல்ல எதை அடகு வெப்பீங்கன்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த வாரம் அதை வெச்சே பேசலாம்.

அடுத்த கேள்வி கோபில இருந்து ஒரு அம்மா, மஞ்சள் வெலையப் பத்தி...