மலையில் இருப்பவருக்குக் கடற்சுழல் எதற்கு?

வணக்கம் நேயர்களே. அண்மையில் தலவாக்கலைக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெரியம்மா கேட்டார்: "கடல அளக்கிறேன்னு சொல்றியே தம்பி, அதுல அளக்க என்னா இருக்கு? நமக்கு அதால என்னா?"

கொத்மலை ஓயாவைக் காட்டினேன். பாறைக்குப் பின்னால் விழுந்த சருகு சுற்றிக்கொண்டே கிடக்கும். கடலிலும் சுழல்கள் உண்டு; பருமன்தான் வேறு. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரே சுழலுக்குள் அடங்கிவிடும். மாதக்கணக்கில் சுற்றும், மெல்ல நகரும். தென்மேல் பருவப் பெயர்ச்சிக் காலத்தில் நம் தீவுக்குக் கிழக்கே இடஞ்சுழியாக ஒன்று உருவாகும். அதன் நடுவில் அடியிலுள்ள குளிர்நீர் மேலெழும். வலஞ்சுழியாகச் சுற்றுபவை நேர்மாறு. சூடான நீரை ஆழம் வரை சேர்த்து வைத்திருக்கும்.

பெரியம்மாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சூறாவளி கடலைக் கலக்கும்போது பொதுவாகக் குளிர்நீர் மேலே வந்து அதன் பலத்தைத் தணிக்கும். சூடு ஆழம் வரை இருந்தாலோ, கலக்கக் கலக்கச் சூடுதான் வரும், புயல் வலுக்கும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரு நாள் முந்திய எச்சரிக்கை என்ன பெறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (டித்வாவைச் சுழல்தான் வளர்த்தது என்று சொல்ல வரவில்லை.)

சரி, எப்படி அளப்பது? செய்மதிகள் கடல்மட்டத்தின் உயரத்தைச் சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் பார்க்கின்றன. சூடான சுழலின் நடு சற்று மேடு, குளிர்ந்ததன் நடு சற்றுப் பள்ளம். ஆனால் அடியில் நடப்பது செய்மதிக்குத் தெரியாது. அதற்குத்தான் எனக்குப் பிடித்த ஆர்கோ மிதவை. 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தின் போக்கில் கிடக்கும். அப்புறம் 2,000 மீற்றருக்கு இறங்கி, வெளிப்பைக்குள் எண்ணெயைத் தள்ளித் தன் பருமனைக் கூட்டி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வரும். செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி முங்கும். முங்கிய இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து அடிநீரோட்டத்தைக் கணக்கிடலாம். உலகக் கடல்களில் இப்படி ஏறக்குறைய 4,000. இன்றைய சுழல் எங்கே என்று கணினிக்குத் தெரிந்தால்தான் நாளைய கடலைச் சொல்லும்.

"எத்தன நாளைக்கு ஒருக்கா மேல வரும்?"

"பத்து நாளைக்கு ஒருக்கா, பெரியம்மா."

"பத்து நாளா? எங்க கொழுந்த ஒரு நாளைக்கே மூனு தரம் நிறுக்கிறாங்களே!"

பிடித்த இடம் சரிதான். ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் சுமார் 300 கிலோமீற்றர் இடைவெளி. நடுவில் ஒரு சுழல் முழுதாக நழுவிவிடும். அதனால்தான் கப்பல்கள் இன்னும் சுழலின் குறுக்கே போய், கருவியை இறக்கி இறக்கி அளக்கின்றன. அந்தக் கப்பலில் இந்த மலைநாட்டுக்காரனுக்கு முதல் மூன்று நாளும் வாந்திதான்; அது வேறு கதை. வணக்கம்.