ஜன்னலோரத்து லக்ஸ் கணக்கு

வணக்கம் நேயர்களே. வானம் மூடிக்கொண்டால் மனசும் மூடிக்கொள்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளிரும் ஈரமும் அடைபட்டுக் கிடப்பதும்தான் காரணம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு காலை வெளிச்சத்துக்கு.

போன வாரம் ஒரு மூட்டமான காலையில், வெளிச்சத்தை அளக்கும் செயலியைக் கைபேசியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினேன். வெளிச்சத்தின் அலகு லக்ஸ். விளக்கு எரிந்த மேஜைமேல் 180. ஜன்னலோரம் 900. மொட்டைமாடிக்குப் போனேன். சூரியன் கண்ணிலேயே படவில்லை, எண் மட்டும் 8,000-ஐத் தாண்டியது! மேஜையைவிட நாற்பது மடங்குக்கு மேல். கண்ணுக்கு அப்படியா தெரிந்தது? இல்லை. கிடைத்த வெளிச்சத்துக்குத் தக்கபடி கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அறையே போதும் என்று நம்மையும் நம்பவைத்துவிடும்.

மூளையில் இருக்கும் கடிகாரம் அப்படி ஏமாறாது. ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னக் கொத்து அது. வெளியே வெளிச்சம் எவ்வளவு என்று அதற்குச் சேதி சொல்ல விழித்திரையில் தனி அணுக்களே இருக்கின்றன. 2002-ல்தான் அவை தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன என்று தெரியவந்தது. இருட்டியதும், உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும், விடிந்ததும் அடங்கும். பகல் சுருங்கி, காலையும் மங்கலாகிவிட்டால் இந்தக் கடிகாரம் பிந்திப் போகும். பல் துலக்கி, உடுத்தி, வேலைக்கும் கிளம்பிவிடுகிறோம். உடம்புக்குள் இன்னும் விடியவில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் போன மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால், குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பே குறைவதைக் கவனித்தார். பருவம் சார்ந்த இந்த மனச்சோர்வை அவரும் சக ஆய்வாளர்களும் 1984-ல் விவரித்து எழுதினார்கள். தூக்கம் கூடும், மாவுப் பண்டங்கள் மேல் ஆசை கூடும், எடையும் கூடும். கோடையில் சோர்கிறவர்களும் உண்டு, அவர்களுக்குத் தலைகீழ். தூக்கம் வராது, பசிக்காது, எரிச்சல் மட்டும் வரும்.

அதற்காக எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடவும் கூடாது. 1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாழ்க்கை எப்படிப் போகிறது என்று தொலைபேசியில் கேட்டார்கள். வெயில் நாளில் கூடுதல் திருப்தி, மழை நாளில் குறைவு. ஆனால் முதலில் 'அங்கே வானிலை எப்படி?' என்று கேட்டுவிட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போனது! பிறகு வந்த பெரிய கணக்கெடுப்புகளில் வானிலையின் பாதிப்பு மிகச் சிறியதாகவே இருந்தது. நாள்தோறும் மாறும் வானிலை வேறு, மாதக்கணக்கில் குறையும் வெளிச்சம் வேறு.

சரி, என்ன செய்வது? குளிர்காலச் சோர்வுக்கு மருத்துவர்கள் 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் காலையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்வார்கள். கண்நோய் உள்ளவர்களும், மனநிலை மிகையாக ஏறி இறங்குகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும், வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

மற்றவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: நேற்றுக் காலை பத்து மணிக்குள் எத்தனை நிமிடம் வெளியே நின்றீர்கள்? பெரும்பாலும் ஒரே பதில்தான். "வண்டி எடுக்கப் போனேனே, அவ்வளவுதான்."