சூளை ஆறும் வரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

செராமிக், அதாவது சுட்ட மண் கலைஞர்களுக்கான ஒரு ரெசிடென்சியை முடித்துவிட்டு வந்திருக்கிறேன். தங்க இடமும் மண்ணும் சக்கரமும் சூளையும் கொடுத்து, சில மாதங்கள் அவரவர் போக்கில் வேலை செய்ய விடுகிற ஏற்பாடு அது. முடித்து வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை செய்தீர்கள்?" அன்போடு கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியே ரெசிடென்சிகளை நடத்தும் விதத்தையும் தீர்மானித்துவிடுகிறது. அதுதான் என் கவலை.

மண்ணை அவசரப்படுத்த முடியாது. வனைந்த கலம் சீராக உலர வேண்டும். விளிம்பு முந்திக் காய்ந்து அடி ஈரமாக நின்றால் விரிசல் விடும். பிறகு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் முதல் சூடு. அதன்பின் கிளேஸ் என்ற மெருகுப் பூச்சைப் பூசி, ஸ்டோன்வேர் என்கிற கெட்டியான மண்கலம் என்றால் 1200 முதல் 1300 டிகிரி வரை இரண்டாம் சூடு. இதெல்லாம் முடிவதற்குள் கலம் பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும், சில மண்ணில் அதற்கும் மேல். நடுவே 573 டிகிரி என்றொரு கண்டம் இருக்கிறது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் அங்கே சட்டென்று உருமாறும். சூடேறும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். அதை வேகமாகக் கடந்தால் கலம் கீறிவிடும். உள்ளே இருப்பதைப் பார்க்க எவ்வளவு ஆசை இருந்தாலும், தானாக ஆறும் வரை சூளையைத் திறக்கக் கூடாது.

இப்போது, கடைசி வாரத்தில் கண்காட்சி என்று நாள் குறித்துவிட்டால் என்ன ஆகும்? உலர, சுட, ஆற என்று நாட்களைப் பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்ப நாளில் யார் தெரியாததைத் தொடுவார்கள்? கைக்கு நன்றாகப் பழகிய வடிவத்தையே மறுபடியும் வனைவார்கள். அதற்கு ஊரைவிட்டு வரவே வேண்டாமே.

நான் இருந்த கூடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் பெரும்பகுதி நேரம் சோதனை வில்லைகளோடு, அதாவது கிளேஸ் கலவைகளைப் பூசிச் சுட்டுப் பார்க்கும் சிறு மண் துண்டுகளோடு போனது. கிளேஸ் என்பது கண்ணாடிதான். கண்ணாடியாகிற சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். சுண்ணாம்போ ஃபெல்ஸ்பார் என்ற கனிமமோ மரச்சாம்பலோ சேர்த்தால் அதற்கு வெகு முன்பே உருகும். உருகியது வழிந்தோடாமல் பிடித்துவைப்பது அலுமினா என்ற அலுமினிய ஆக்ஸைடு. இந்த விகிதத்தில் சிறிது கூட்டிக் குறைத்தாலே பளபளப்பு மங்கும், பரப்பு தோலைப் போல் மாறும். செம்பு ஆக்ஸைடைச் சேர்த்துவிட்டால் சூளைக் காற்றும் பேச ஆரம்பித்துவிடும். ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தால் பச்சை. அதைக் குறைத்தால் சிவப்பு. அதுவும் நிச்சயமில்லை. ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்த இரண்டு வில்லைகளில் ஒன்று ஆழ்ந்த சிவப்பாகவும் மற்றது வெளிறியும் வந்தன. ஏன் என்று தேடப் போனதில் நான் கற்றது, பத்து நல்ல கலங்கள் செய்திருந்தால் கிடைத்திருக்காது.

இன்னொன்று, பொதுச் சூளை. விறகுச் சூளையைத் தனியாளாக எரிக்க முடியாது. இரவும் பகலும் முறை வைத்து விறகு போட வேண்டும். அந்த முறைகளில்தான் பேச்சு நடக்கும். சக்கரத்தையே தொடாத ஒரு சிற்பி எங்களோடு இருந்தார். சுட்ட மண்ணைப் பொடித்துப் புது மண்ணில் கலந்தால் கனமான சுவரும் சீராக உலர்ந்து குறைவாகச் சுருங்கும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். எந்த அளவுப் பருக்கை, எவ்வளவு, எந்த இடத்தில் என்பதை அவர் கைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெலினா நகரில், ஆர்ச்சி பிரே என்ற செங்கல் உற்பத்தியாளர் 1951இல் தன் செங்கல் சூளை வளாகத்திலேயே செராமிக் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தார். அக்கறையோடு வருகிறவர்களுக்கு வேலை செய்ய ஒரு நல்ல இடம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். பீட்டர் வோல்கோஸும் ரூடி ஆட்டியோவும் அங்கே முதலில் வந்த கலைஞர்கள். மறு ஆண்டே ஜப்பானின் ஷோஜி ஹமாடா, இங்கிலாந்தின் பெர்னார்ட் லீச் என்ற மண்கலக் கலைஞர்கள் இருவரும் அங்கே வந்து பயிற்சி நடத்தினார்கள். பின்னாளில் வோல்கோஸ் கலத்தைக் கிழித்தும் துளைத்தும் அடுக்கியும் செய்தவை அமெரிக்க செராமிக் கலையின் போக்கையே மாற்றின. அப்படி ஒரு மாற்றம் எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே யாராலும் நாள் குறித்திருக்க முடியாது.

கிளம்பும்போது என் வில்லைகளில் பாதியைக் கூடத்திலேயே விட்டு வந்தேன். பின்புறத்தில் விகிதமும் சூளையில் வைத்த இடமும் எழுதியிருக்கிறது. அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

ரெசிடென்சி நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். அறிக்கையில் செய்த பொருட்களைக் கேட்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, செய்து பார்த்த சோதனைகளையும் கேளுங்கள். சூளை ஆறுகிற நாட்களையும் தங்கும் காலத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசிச் சூளையைத் திறக்கும்போது, அதில் கலம் வைத்தவர் ரயிலில் போய்க்கொண்டிருக்கக் கூடாது.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.