பாம்பன் ஏற்றத்தில் கேட்ட தட்டலும் இன்ஜினின் காதும்

வணக்கம் நண்பர்களே. மண்டபம் கடற்கரையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன், காற்றிரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆனி மாதம் ராமேஸ்வரத்திலிருந்து திரும்புகையில், கச்சான் காற்று எதிரே அடிக்க, பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தை நான்காவது கியரிலேயே கடக்க முயன்றேன். அப்போது, பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டும்போது எழுமே, அப்படியொரு சத்தம் இன்ஜினிலிருந்து வந்தது. பெட்ரோல் சரியில்லை என்றே நினைத்தேன். இரண்டு வாரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. அன்றோடு அந்தச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் வண்டி இழுக்கவில்லை. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது 14-க்கு இறங்கிவிட்டது.

முதலில் சத்தம் ஏன் வந்தது என்று பார்ப்போம். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ, சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் எரியாத கலவையைச் சென்றடையும் முன்பே, அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் அந்தக் கலவை தானாகவே வெடித்துவிடுவதைத்தான் நாக்கிங் என்கிறோம். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டருக்குள் மோதி மோதித் திரும்புவதால், சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்து, நொடிக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 முறை வரை இன்ஜின் பிளாக் அதிர்கிறது.

இதோ, பிளாக்கில் ஒரே போல்ட்டில் பூட்டியிருக்கும் இந்த வளையம்தான் நாக் சென்சார். உள்ளே இருக்கும் பீசோ படிகம் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றி, இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவுக்கு அனுப்புகிறது. வால்வு மூடுவதும் இன்ஜெக்டர் தட்டுவதும்கூட அதிர்வுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிய பிறகு, அது சுழற்றும் கிராங்க் தண்டு திரும்பும் சில பத்து டிகிரிகளில் மட்டும் இசியூ காது கொடுக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 18,000 டிகிரி சுழல்வதால், 50 டிகிரி என்பது மூன்று மில்லி நொடிகூட இல்லை. அந்த இமைப்பொழுதுக்குள் வந்த அதிர்வில் நாக்கிங்குக்குரிய அலைவரிசையை மட்டும் வடிகட்டி, அதே வேகத்தில் வழக்கமாக இருக்கும் இரைச்சலோடு ஒப்பிட்டு, அளவு மீறினால் எந்தச் சிலிண்டர் என்று கண்டு, அதன் ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. தட்டல் நின்றபின் சிறிது சிறிதாகப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. இவ்வளவு நுணுக்கமான வேலை ஒரு போல்ட்டின் இறுக்கத்தை நம்பி நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

என் வண்டியில் கெட்டது அந்த இடம்தான். முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் சென்சாருக்கு அடியில் வாஷர் வைத்துப் பூட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு உப்புக்காற்றில் கனெக்டரின் பின்கள் பச்சை பூத்திருந்தன. சென்சாரிலிருந்து சிக்னல் மங்கலாக வந்த வரை இசியூவுக்குத் தட்டல் கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டது. பிறகு, சென்சார் பழுது என்பதை இசியூ கண்டுகொண்டு, பி0327 என்ற பழுதுக் குறியீட்டைப் பதிவு செய்து, பாதுகாப்புக்காக எல்லாச் சிலிண்டர்களின் ஸ்பார்க் நேரத்தையும் தாமதமாகவே வைத்துக்கொண்டது. சத்தம் நின்றதும் இழுவை போனதும் அதனால்தான்.

பெட்ரோலின் மேல் போட்ட பழி பெரும்பாலும் தவறு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தர அளவின்படி ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு, குறைந்தது 95 இருக்க வேண்டும். அது நாக்கிங்கைத் தாங்கும். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் மூன்று கிலோமீட்டர் குறைந்ததற்கு அது மட்டும் காரணமாகாது.

வாஷரை எடுத்தேன், சென்சார் உட்காரும் முகத்தைத் துருவின்றித் துடைத்தேன், என் வண்டிக்குரிய 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். கனெக்டரின் ரப்பர் சீலையும் மாற்றினேன். நேற்று ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அதே ஏற்றத்தில், அதே கச்சானில் ஏறினேன்: பாதி ஏற்றத்தில் தாமதம் 3 டிகிரி காட்டியது, பாலத்தின் உச்சி தாண்டி இறங்கும்போது மெல்ல மெல்லப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது.