பழைய பேக்ஹோவின் ஹைட்ராலிக் சிலிண்டர்: சீலைக் கெடுத்தது எது?

[காட்சி: பக்கெட் சிலிண்டரின் வாய்ப்பகுதி, நெருக்கத்தில்]

திரையில் தெரிவது, பல்லாண்டுகள் உழைத்த பேக்ஹோ என்னும் மண் தோண்டும் இயந்திரத்தின் பக்கெட் சிலிண்டர். ராடு என்னும் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெயும் புழுதியும் கலந்து கெட்டியாக அப்பியிருப்பதைக் கவனியுங்கள். ராடு நீளும்போது மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் அதனுடன் ஒட்டி வருவது இயல்பு. அந்தப் படலம் திரண்டு சொட்டத் தொடங்கினால், எண்ணெயைத் தடுக்கும் வளையமான சீல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பலர் உடனே சீல் கிட் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் சொட்டுகிறது. பழைய இயந்திரங்களில் ராடின் கீறலோ, ராடைத் தாங்கும் உள்வளையமான புஷ்ஷின் தேய்வோ சீலைக் கெடுத்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், அந்தக் காரணத்தைத் தேடுவதற்கே இந்த வீடியோவில் கூடுதல் நேரம் ஒதுக்குகிறேன்.

முதலில் பாதுகாப்பு. பக்கெட்டையும் அதைத் தாங்கும் பூம் என்னும் கையையும் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்தி, லிவர்களை எல்லாத் திசைகளிலும் பலமுறை அசைத்து, ஹோஸ்களில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். இயங்கும்போது இந்த எண்ணெயின் அழுத்தம் 200 பார் அளவை எட்டக்கூடியது. ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. ஆகவே கசிவை ஒருபோதும் கையால் தடவித் தேடாதீர்கள். கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று, ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

[காட்சி: சிலிண்டரின் குறுக்குவெட்டுப் படம்]

வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல், தூக்கி நிறுத்திய சுமை தானாக இறங்குவதும் உண்டு. அதற்கும் ராடின் உள்முனையில் உள்ள பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பிஸ்டன் சீலையே குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. லோடர் கைகளைத் தூக்கும் சிலிண்டரைப் போல, சுமை ராடை உள்ளே தள்ளும் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கன்ட்ரோல் வால்வு இரு பக்கத்து வழிகளையும் இறுக அடைத்திருந்தால், பிஸ்டன் சீல் முற்றிலும் போயிருந்தாலும், ராடு உள்ளே இறங்குவதற்குத் தன் பருமனுக்கு இணையான எண்ணெயைச் சிலிண்டரிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் உயர்ந்து, ராடு சற்றே இறங்கி நின்றுவிடும். அது நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால், எண்ணெய் வால்வு வழியாக டேங்கிற்குத் திரும்புகிறது என்றே கொள்ள வேண்டும். சுமை ராடை வெளியே இழுக்கும் சிலிண்டரிலோ, பிஸ்டன் சீலின் கசிவு மட்டுமே இறங்குவதற்குப் போதுமானது. இந்த வேறுபாட்டை அறியாமல் சிலிண்டரைப் பிரிப்பதால் ஒரு நாள் உழைப்பு வீணாகிறது.

பிரிக்கும் வேலையை விரைவாகவே பார்த்துவிடலாம். சிலிண்டரை வார்ப்பட்டையில் தாங்கிக்கொண்டு பின்களைத் தட்டி எடுங்கள். ஹோஸ் முனைகளை மூடி, வெளிப்புறத்தை நன்றாகக் கழுவுங்கள். ராடு வெளிவரும் முனையை மூடும் மூடியான கிளாண்ட், சில சிலிண்டர்களில் மரையாகவும், சிலவற்றில் போல்ட்டுகளாலும் பொருத்தப்பட்டிருக்கும். அது இறுகியிருந்தால் காற்று அழுத்தம் கொடுத்துத் தள்ள முயலாதீர்கள். கிளாண்டும் ராடும் குண்டுபோலப் பாய்ந்து உயிரையே எடுத்துவிடும்.

[காட்சி: துடைத்த ராடின் மேல் விரல் நகம்]

இப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ராடைத் துடைத்துவிட்டு, அதன் நீளவாக்கிலும் குறுக்கிலும் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டுப்படும் ஒவ்வொரு கீறலும் துருக்குழியும் புதிய சீலை அரம்போல ராவிவிடும். ராடின் மேலுள்ள குரோம் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கே என்பதால், ஆழமான சேதத்தைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. மீண்டும் குரோம் பூச வேண்டும் அல்லது ராடையே மாற்ற வேண்டும். மேலோட்டமான சிறு பிசிறுகளை மட்டும் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் நீக்கலாம். ராடின் ஒரு பக்கம் மட்டும் பளபளவெனத் தேய்ந்திருந்தால், கிளாண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம் அல்லது ராடே வளைந்திருக்கலாம். சமமான இரு தாங்கிகளில் வைத்து உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். சிலிண்டரின் உட்சுவரையும் விளக்கடித்துப் பாருங்கள்.

பழைய சீல்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியவற்றை இயந்திரத்தின் மாடல் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இடையில் யாரேனும் வேறு சிலிண்டரைப் பொருத்தியிருக்கலாம். ராடின் விட்டம், சிலிண்டரின் உள்விட்டம், சீல் அமரும் பள்ளத்தின் அகலம், ஆழம் ஆகியவற்றை வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடுங்கள். 2 அங்குல ராடு 50.8 மில்லிமீட்டர், அதற்கு 50 மில்லிமீட்டர் சீல் பார்வைக்குப் பொருந்துவதுபோலவே இருக்கும்.

ராடு சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் உட்புறத்தையும், தூசியைத் தடுக்கும் வைப்பரின் உதடு வெளிப்புறத்தையும் நோக்க வேண்டும். சீலைச் சிறுநீரக வடிவில் மடித்து, எண்ணெய் தடவி, விரலாலேயே பள்ளத்தில் அமர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை பட்டால் அங்கேயே கசிவு தொடங்கிவிடும். மரைகளைக் கடந்து செல்லும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வெட்டுப்படாதபடி அவற்றின் மேல் மெல்லிய டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பிஸ்டன் நட்டைக் கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவிலேயே முடுக்குங்கள். அது ஓடும்போது கழன்றால் சிலிண்டர் முழுவதும் பாழாகும்.

[காட்சி: சுமையில்லாமல் மெதுவாக நீளும் சிலிண்டர்]

பொருத்திய பின் டேங்கில் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, சுமை எதுவுமின்றி, எஞ்சினை மெதுவாக ஓட்டி, ராடைப் பலமுறை நீட்டிச் சுருக்குங்கள். உள்ளே காற்று தங்கியிருக்கும்போது திடீரெனச் சுமை ஏற்றினால், அமுக்கப்பட்ட காற்று சூடேறி, எண்ணெய் ஆவியோடு சேர்ந்து பற்றிக்கொண்டு புதிய சீலைக் கருக்கிவிடக்கூடும். பிறகு எண்ணெயின் அளவை மீண்டும் பாருங்கள். இரு முனைகளிலும் உள்ள பின்களும் புஷ்களும் இறுகிப்போயிருந்தால் ராடு பக்கவாட்டில் நெரிக்கப்படும். ஆகவே அவை எளிதாகச் சுழல்கின்றனவா என்று சோதித்து, கிரீஸ் ஏற்றிய பிறகே முதல் குழியைத் தோண்டத் தொடங்குங்கள்.