தகுதி வேறு, கைதேர்ச்சி வேறு

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, அறங்காவலர் குழுப் பெரியவர்களே, சாயங்கால நெரிசலில் இவ்வளவு தூரம் வந்திருக்கும் இந்தியத் துணைத் தூதரக விருந்தினர் அவர்களே, நகரமன்ற உறுப்பினர் அவர்களே, காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராத மாதர் சங்கத்து அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். நகரமன்ற உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி. ரொம்ப நாளாக எரியாமல் கிடந்த வாசல் விளக்கு, அவர் வருகிறார் என்றதும் நேற்று எரிந்துவிட்டது. இவரை மாதம் ஒரு தடவை கூப்பிட்டால் கூரை ஒழுகலும் நின்றுவிடும் போலிருக்கிறது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். திறமை, தகுதி, அனுபவம், தேர்ச்சி. நாலையும் ஒன்று போலவே பேசுகிறோம். நல்ல குரல் உள்ள பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, அதனால் அது தேவாரம் பாடிவிடும் என்று ஆகாது. தகுதி அடுத்தவர் கொடுப்பது, முத்திரை குத்திய தாளில் வரும். அனுபவமோ, இருபது வருஷம் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் கிடைத்துவிடும். தேர்ச்சியில்தான் சிக்கல், பரீட்சையில் பாஸானாலும் தேர்ச்சி, வேலை கைவந்தாலும் தேர்ச்சி. இந்த இரண்டாவதைத்தான் நான் கைதேர்ச்சி என்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பாள் எங்கள் ஆயா. நான் மேடை ஏறினால் இந்தப் பழமொழி வரும் என்று உங்களுக்கே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் 1995இல் தகுதி ஆணையச் சட்டம் வந்தது. அதை ஒட்டி வந்த தொழிற்பயிற்சி மதிப்பீட்டில் பாஸ், ஃபெயில் என்று எழுதுவதில்லை. 'தேர்ந்தவர்', இல்லாவிட்டால் 'இன்னும் தேரவில்லை', அவ்வளவுதான். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கும். கைதேர்ச்சியை மூன்றாகவும் பிரித்தார்கள்: வேலையைச் செய்து காட்டுவது, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரிந்திருப்பது, நிலைமை மாறினால் செய்முறையை மாற்றிக் காரணமும் சொல்வது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவதற்கு என் சித்தப்பா. டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை, பதவி ஹெல்பர். 1956இல் வந்த தொழிற்சமரசச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இந்த வேலை இந்த இனத்துக்கு என்று ஒதுக்க வழி செய்த காலம் அது. சட்டம் தொடாத இடத்திலும் வழக்கம் அதுதான். வெள்ளைக்காரப் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பார், அவர்கள் ஃபிட்டர் ஆவார்கள், இவர் ஹெல்பராகவே இருப்பார்.

அரவை உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி, பம்ப் ஒன்று முனக ஆரம்பித்தது. புதிதாக வந்த இஞ்சினியர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சித்தப்பா தின்றுகொண்டிருந்த ரொட்டியைத் தாளில் மடித்து வைத்துவிட்டு வந்தார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை பேரிங் மூடிமேல் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். மோட்டார் பக்கம் கேட்டார், சரி என்று தலையாட்டினார். பம்ப் பக்கம் கேட்டார், முகம் மாறிவிட்டது. "இங்கே குண்டு நொறுங்குது, நிறுத்துங்க ஐயா." இஞ்சினியர் நிறுத்தவில்லை, அரவை நின்றால் மேலே யார் பதில் சொல்வது? சித்தப்பா ஒன்றும் பேசாமல் போய் ரொட்டியைப் பிரித்தார். ரொட்டி தீரவில்லை, பம்ப் தானே நின்றது! (இந்த இடத்தில் கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.) திறந்து பார்த்தால் அதே பேரிங், அதே பக்கம்.

அப்புறம் காலம் மாறியது. வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்று தரும் முறை வந்தது. நாங்கள்தான் சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு போனோம். பேரிங்கின் படத்தைக் கொடுத்து, பாகங்களின் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். ஸ்குரூடிரைவரை யாரும் கையில் கொடுக்கவில்லை. முடிவு: 'இன்னும் தேரவில்லை'. அந்த 'இன்னும்' எனக்குக் கசந்தது அன்றைக்குத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான், ஆனால் கொடியில் காய்த்துத் தொங்கியதையும் ஏட்டில் இல்லை என்று தள்ளிவிட்டார்களே!

இரண்டாவது, மூன்றாவது... அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கும் அக்காமார் இருக்கிறார்கள். ழகரம் வராத பிள்ளையின் கையில் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, நாக்கு நுனி மேலே தொடாமல் வளைந்து நிற்கிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்வார் ஓர் அக்கா. அதற்கும் வராவிட்டால் பாட்டாகச் சொல்ல வைப்பார். பள்ளிக்கூடத்தில் இவரை வேலைக்கு வைக்க முடியாது, ஆசிரியர் மன்றத்தில் பதிவு இல்லை, பதிவுக்குப் பட்டம் இல்லை. 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. மொழிக்கு ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது, சொல்லிக்கொடுப்பவருக்குக் கிடைக்கவில்லை.

அதனால் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து முன்கற்றல் மதிப்பீடு, அதாவது சித்தப்பாவுக்குச் செய்தது போல ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டுச் சான்று தருவது, கேட்டு மனுப் போடுகிறோம், வகுப்பறைக்கு வந்து பார்த்து மதிப்பிடச் சொல்கிறோம். கட்டணத்துக்குக் கோயில் உண்டியலைத் தொடக்கூடாது என்று பொருளாளர் முறைக்கிறார், சரி, தனியாகவே வசூலிப்போம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. நகரமன்ற உறுப்பினர் ஐயா, முதல் கையெழுத்து உங்களுடையது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்கு வாருங்கள், பேனாவைத் திருப்பி வைத்துவிடுங்கள்.