இருமுகிறவருக்கும் இங்கே படுக்கை உண்டு

(வீடற்றோர் தங்குமிடங்களின் பொறுப்பாளர்கள், இரவுப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் ஆகியோருக்கான உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வீடற்றோர் தங்குமிடத்தில் தொற்றுநோய் பரவுகிறது என்றதும் முதலில் எழும் பேச்சு, "அவர்கள் சுத்தமாக இருப்பதில்லை" என்பதுதான். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காசநோய்க் கிருமிக்குக் குளித்தவர், குளிக்காதவர் என்ற பேதம் கிடையாது. சன்னல்களைச் சாத்திய கூடத்தில் ஏராளமானோர் இரவு முழுக்க ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருந்தால், அங்கே படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் தொற்றும்; மருத்துவர் படுத்தாலும் தொற்றும். நோயைப் பரப்புபவை கூடத்தின் காற்று, கட்டில்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, பொதுக் கழிப்பறை, கைமாறும் போர்வை. இந்த நான்கும் தங்குமிடத்தை நடத்துகிறவர்கள் கையில் இருக்கின்றன.

இவற்றோடு பயமும் சேர்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். இருமல் என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவர் நினைத்துவிட்டால், வாசலில் நீங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது. இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே வருவார். வயிற்றுப்போக்கை மறைப்பார். அரிப்பை யாரிடமும் காட்டமாட்டார். ஒருவேளை நீங்கள் கண்டுபிடித்து அனுப்பிவிட்டாலும், அவர் போவது அடுத்த தங்குமிடத்துக்கு. அங்கே நிச்சயம் வாயைத் திறக்கமாட்டார். ஆகவே தொற்றுத் தடுப்பின் முதல் விதி கிருமிநாசினியைப் பற்றியது அல்ல. நோய் என்று சொன்னவருக்கு இன்றிரவு படுக்கை உண்டு. கட்டில் மாறலாம், அறை மாறலாம், தெருவுக்குப் போகவேண்டியதில்லை என்பதே முதல் விதி. இதைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். ஒருமுறை இந்த வாக்கை மீறினால் அன்றிரவே செய்தி எல்லோருக்கும் போய்விடும், பிறகு மாதக்கணக்கில் யாரும் நம்பமாட்டார்கள்.

வாசலில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? காய்ச்சலோ இரவு வியர்வையோ உண்டா? காரணமில்லாமல் உடல் மெலிகிறதா? இன்று வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா? இவற்றை மற்றவர் காதில் விழாதபடி கேளுங்கள். ஆனால் கேள்விகளால் மட்டும் எல்லாம் பிடிபடும் என்று நம்பிவிடாதீர்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு பெரிய தங்குமிடத்தில் 408 பேருக்கு கொரோனா பரிசோதனை செய்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்த அறிகுறியும் சொல்லவில்லை. காய்ச்சல் இருந்தவர் ஒரு சதவீதம்கூட இல்லை. வாசலில் வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்து அவர்களைப் பிரித்திருக்க முடியாது. அறிகுறி தெரியாத நோயாளி உள்ளே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டுதான் கட்டடத்தை நடத்த வேண்டும்.

காசநோய்க்கு ஒரு எளிய கருவி இருக்கிறது: இருமல் பதிவேடு. பகலில் வரும் செவிலியருக்குத் தெரியாதது இரவுக் காவலருக்குத் தெரியும். யார் விடிய விடிய இருமுகிறார் என்று அவரைக் கேட்டால் போதும். ஒரு நோட்டில் தேதி, கட்டில் எண், பெயர் ஆகிய மூன்றையும் இரவுப் பணியாளர் குறித்து வைக்கட்டும். ஒரே பெயர் நாள் தவறாமல் வந்தால் மறுநாளே சளிப் பரிசோதனைக்கும் மார்பு எக்ஸ்ரேக்கும் கூட்டிப்போங்கள். "போய் வாருங்கள்" என்று சீட்டுக் கொடுத்து அனுப்புவது பெரும்பாலும் வீண். கூட ஒருவர் போக வேண்டும்.

கட்டில் பதிவேடும் அதே அளவுக்கு முக்கியம். எந்தத் தேதியில் எந்தக் கட்டிலில் யார் படுத்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்; முடிந்தவரை ஒருவருக்கு ஒரே கட்டில். காசநோய் உறுதியானால், அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதம் வரை பின்னோக்கிப் போய், உடன் தங்கியவர்களைத் தேடுவது வழக்கம். பதிவேடு இல்லாத இடத்தில் இந்தத் தேடல் முதல் நாளே நின்றுவிடும். பலருக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் அழைப்பதற்கு ஒரு பெயருமாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். பதிவேட்டைப் பூட்டி வையுங்கள். சுகாதாரத் துறைக்குத் தவிர வேறு யாருக்கும் காட்டாதீர்கள். கைதுக்குப் பயன்படும் என்ற சந்தேகம் வந்தால் மறுநாளே பொய்ப் பெயர்கள்தான் வரும்.

உடன் தங்கியவர்களைச் சோதிப்பதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனைக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து கையைக் காட்ட வேண்டும். நாளை எங்கே படுப்போம் என்று தெரியாதவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வசதி இருக்கும் இடத்தில் ஒரே முறை இரத்தம் எடுக்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கிருமி உடலில் புகுந்து சோதனையில் தெரிய எட்டு முதல் பத்து வாரம் ஆகலாம். அதனால் முதல் சோதனையில் ஒன்றும் தெரியாதவருக்கு அந்த இடைவெளி விட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். நோயாக மாறாமல் கிருமி மட்டும் உறங்குகிறது என்றால், ஐசோனியசிட், ரிஃபாபென்டின் என்ற இரண்டு மருந்துகளை வாரம் ஒருமுறை, மொத்தம் 12 முறை தரும் முறை உண்டு. மாதக்கணக்கில் தினமும் மாத்திரை விழுங்கும் முறையைவிடத் தங்குமிடத்துக்கு இது பொருந்தும்: வாரத்தில் ஒரு நாள், உணவு வரிசையிலேயே, பணியாளர் கண்முன் விழுங்கலாம்.

இனி காற்று. காசநோயாளி இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துகள்கள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், கூடத்தின் மறுகோடிவரை போகும். கட்டில்களைத் தள்ளிப் போட்டால் மட்டும் இவை நிற்காது. அறைக்காற்று வெளியேறி வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதே கணக்கு. நோயாளி அறையை விட்டுப் போனபின், மணிக்கு இரண்டு முறை காற்று மாறும் அறையில் 99 சதவீதத் துகள்கள் நீங்க 138 நிமிடம் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம், பன்னிரண்டு முறை மாறினால் 23 நிமிடம். நம் கூடத்திலோ நோயாளி போவதில்லை, இரவெல்லாம் அங்கேயே இருக்கிறார். ஆகவே காற்று மாறுவது இடைவிடாமல் நடக்க வேண்டும்.

பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள கூடத்தின் கொள்ளளவு 240 கன மீட்டர். ஆறு முறை மாற வேண்டுமென்றால் மணிக்கு 1440 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். வெளியேற்றும் விசிறி வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் அளவை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருத்தும்போது நடக்கும் பொதுவான பிழை, விசிறிக்குப் பக்கத்திலேயே சன்னலைத் திறந்து வைப்பது. அந்தச் சன்னல் வழியே வந்த காற்று அப்படியே விசிறி வழியே போய்விடும். கூடத்தின் மறுபாதி அசையாது. உள்ளே வரும் வழி எதிர்ச்சுவரில் இருக்க வேண்டும்.

சுவரில் தொங்கும் சாதாரண ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சன்னல் சாத்திய அறையில் கூரை விசிறியும் அப்படித்தான், இருப்பதையே கலக்கும். இரவில் சன்னலைச் சாத்துவதற்குக் காரணங்கள் உண்டு: குளிர், கொசு, மழை, திருட்டு. அந்தக் காரணங்களைத் தீர்க்காமல் "திறந்து வையுங்கள்" என்று அறிவிப்பு ஒட்டினால் பலிக்காது. கம்பிவலை, மழைத்தடுப்பு, கூடுதல் போர்வை ஆகிய மூன்றையும் கொடுத்தால் சன்னல் திறந்தே இருக்கும். வலையில் தூசி அடைத்தால் காற்று குறைந்துவிடும், மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள்.

காற்று போதுமா என்று பார்க்க, நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் அளவுமானி உதவும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 420 பங்கு இருக்கும். எல்லோரும் உறங்கும் நடுநிசியில் கூடத்தில் அளந்து பாருங்கள். பகலில் ஆளில்லாத அறையை அளப்பதில் பயனில்லை. 800-க்குக் கீழே இருந்தால் நல்லது. 1000-ஐத் தாண்டினால் காற்று போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹெப்பா எனும் நுண்துகள் வடிகட்டிக் கருவி வைப்பதாக இருந்தால், அது மணிக்கு எத்தனை கன மீட்டரைச் சுத்தம் செய்யும் என்று பாருங்கள். 300 என்றால், மேலே சொன்ன கூடத்துக்கு அது ஒன்றேகால் முறைக்குத்தான் வரும். வேகமாக வைத்தால் இரைச்சல் தாங்காமல் யாராவது அணைத்துவிடுவார்கள். பெரியதாக வாங்கி மெதுவாக ஓட்டுவதே சரி. கூரையை ஒட்டி, கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு காற்றுவழி நோய்களைத் தடுக்க நல்ல துணை. ஆனால் அடுக்குக் கட்டில் உள்ள கூடத்தில் கவனம் வேண்டும், மேல் அடுக்கில் படுப்பவரின் கண்ணிலும் தோலிலும் கதிர் பட்டுவிடும். அங்கே விளக்கைவிடக் காற்றோட்டத்துக்கே செலவு செய்யுங்கள்.

கட்டில் இடைவெளி சளிக்காய்ச்சல் வகைகளையும் மூளைக்காய்ச்சல் கிருமியையும் தடுக்கப் பயன்படும். தலைக்கும் தலைக்கும் நடுவே சுமார் 1.8 மீட்டர் இருக்கட்டும். இடம் பற்றாவிட்டால் ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் போடுங்கள். செலவே இல்லாத ஏற்பாடு.

வாந்தி, வயிற்றுப்போக்கு ஒரே இரவில் பலருக்கு வந்தால் நோரோ வைரஸைச் சந்தேகியுங்கள். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தெரியும். மிகச் சில துகள்களே போதும் தொற்றுவதற்கு. கைக்குப் பூசும் ஆல்கஹால் திரவம் இதனிடம் அதிகம் பலிக்காது; சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கை கழுவ. தரையில் வாந்தி எடுத்தால் முதலில் சுற்றியுள்ளவர்களை அகற்றி, சன்னலைத் திறந்து, கையுறை, முகக்கவசம், மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தால் மூடி உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். அதன் பிறகே பிளீச். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. 5 சதவீத பிளீச் திரவம் என்றால், 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர் சேர்த்து வாந்தி விழுந்த இடத்துக்கு. 20 மில்லியோடு 980 மில்லி சேர்த்துக் கதவுப்பிடி, குழாய், கழிப்பறை இருக்கைக்கு. பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், உடனே துடைத்தால் வேலை செய்யாது. அன்றன்றைக்குக் கலக்குங்கள், வெந்நீர் வேண்டாம். கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். நோயுற்ற சமையல்காரர் குணமான பிறகும் 48 மணி நேரம் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது.

கழிப்பறையும் கைகழுவும் இடமும் இல்லாததன் விலையை அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் காட்டியது. 2016 இறுதியில் தொடங்கி 2018 வரை நீடித்த ஹெபடைடிஸ் ஏ எனும் கல்லீரல் தொற்றின் பரவலில் அங்கே 592 பேர் நோயுற்றார்கள், 20 பேர் இறந்தார்கள்; பெரும்பான்மையோர் வீடற்றவர்களும் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களும். தொற்று புகுந்து நோய் தெரியச் சராசரியாக 28 நாள் ஆகும். மஞ்சள் காமாலை தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பரவும். ஆகவே கண் மஞ்சளானவரைப் பார்த்தபின் தொடங்கும் தடுப்பு ஏற்கனவே தாமதமானது. தடுப்பூசியின் ஒரே தவணைகூட நல்ல பாதுகாப்பு தரும். "இரண்டாவது தவணைக்கு வரமாட்டார்" என்று முதல் தவணையைப் போடாமல் விடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில், அடையாள அட்டை கேட்காமல் போடுங்கள்.

துணி வழியே வருபவை உடல் பேனும் ஸ்கேபிஸ் எனும் சிரங்கும். உடல் பேன் தலைப் பேனைப் போலத் தலைமுடியில் வாழ்வதில்லை. துணியின் தையல் மடிப்பில் வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு, இரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வரும். முதல் உலகப்போரில் அகழிக் காய்ச்சல் என்று பெயர்பெற்ற நோயின் கிருமியை இதுதான் சுமக்கிறது. அந்தக் கிருமி 1990-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகர வீடற்றவர்களிடம் மறுபடி காணப்பட்டது, இதய வால்வையும் அழிக்கலாம். மருந்தைவிட முக்கியம் துணி மாற்றுவது. குறைந்தது 54 டிகிரி வெந்நீரில் துவைத்து, சூடாக உலர்த்த வேண்டும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி இரண்டு வாரம் வைக்கலாம். ஒருவருடைய பையைப் பறித்து எறிந்துவிடாதீர்கள், அவருடைய உடைமை மொத்தமும் அதில் இருக்கும்.

சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பூசி 8 முதல் 14 மணி நேரம் விட வேண்டும். தவறுவது எங்கே என்றால், விரலிடுக்கு, நகத்தடி, மறைவிடம் ஆகியவற்றை விட்டுவிடுவதும், கை கழுவிய பின் கையில் மறுபடி பூசாததும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் அவரிடமிருந்து பிறருக்குப் போய்விடும். அதனால் நெருங்கிப் பழகியவர் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து தர வேண்டும். சிகிச்சைக்குப் பின்னும் சில வாரம் அரிப்பு நீடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தனியறைக்கு வருகிறேன். கதவு மூடக்கூடிய சிறிய அறை, வெளியேற்றும் விசிறி, முடிந்தால் தனிக் கழிப்பறை. அறை இல்லாவிட்டால் கூடத்தில் விசிறிக்கு மிக அருகே உள்ள மூலை, அவருடைய மூச்சு மற்றவரைக் கடக்காமல் வெளியேறும். நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம், உள்ளே போகும் பணியாளருக்கு என்95. அறையைச் சிறை போல நடத்தினால் முதல் இரவே ஆள் ஓடிவிடுவார். சாப்பாடு, கைபேசி சார்ஜர், அவருடைய பை, வழக்கமான மருந்து எல்லாம் உள்ளே போக வேண்டும். மதுவுக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அவரைத் தனிமைப்படுத்தும் முன் மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். காசநோய்க்கு மருந்து தொடங்கியவர் பொதுக்கூடத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆனால் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் கட்டில் அவர் பெயரில் நிற்க வேண்டும். இடையில் மருந்து நின்றால் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகலாம்.

கடைசியாக, பணியாளர்கள். இரவுக் காவலர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் மூவரும் அதே காற்றில்தான் இருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போதும் அதன்பின் குறித்த இடைவெளியிலும் அவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். தடுப்பூசிகளும் அவர்களுக்கு முதலிலேயே. நாள்கூலிக்கு வருகிறவர் காய்ச்சலோடும் வருவார், வராவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால். அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு தொகை ஒதுக்குங்கள். பிளீச்சுக்கும் முகக்கவசத்துக்கும் ஒதுக்கும் அதே தலைப்பின் கீழ் அதை எழுதுங்கள்.